வெட்டினவன் கணக்கு

அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார். இந்த வரியைப் படிக்காமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளிக்கூடம் தாண்டியதில்லை. நட்டவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். நட்ட மரம் என்றைக்காவது பட்டுப்போயிருக்கும், காற்றில் சாய்ந்து பாதையை மறித்திருக்கும். அதை வெட்டி அப்புறப்படுத்தியவன் யார்? எந்த வாத்தியாரும் இந்தக் கேள்வியைப் பரீட்சையில் கேட்டதில்லை. நம்ம பிள்ளைகளாவது கேட்க வேண்டும். ஏனென்றால் வெட்டினவன் அநேகமாக நம்ம ஆள்.

மரம் நடுவது புண்ணியம், வெட்டுவது பாவம் என்கிறது ஊர். ஆனால் வெட்டாமல் ஊருக்கு ஒருநாள் கழியாது. வீடு கட்ட, ஏர் செய்ய, தேர் செய்ய, சோறாக்க, பிணம் எரிக்க மரம் வேண்டும். கூரைமேல் சாயப் பார்க்கும் புளியை இறக்கியாக வேண்டும். பலனும் வேண்டும், பாவமும் ஒட்டக் கூடாது. சாதிச் சமூகம் இதற்குக் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது: பலன் ஊருக்கு, பாவமும் ஆபத்தும் சேரிக்கு. மலத்தைப் பற்றி, பிணத்தைப் பற்றி, செத்த மாட்டைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம். கோடாரியைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

இந்தக் கட்டுரைக்கான ஆவணம் என் அத்தை எழுதிவைத்த ஏழு நோட்டுகள். என் தாய்மாமன் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மரம் வெட்டும் தொழில் நடத்துகிறார். ரெண்டு மிஷின், ஒரு வடக்கயிறு, கோடாரிகள், ஆப்புகள், நாலைந்து ஆள், ஒரு பழைய மினி வண்டி. இதுதான் கம்பெனி. மாமாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அத்தை எட்டாவது படித்தவர். 2012இலிருந்து எந்த ஊரில் என்ன மரம், எவ்வளவு கூலி, யார் பாக்கி என்று பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதிவருகிறார். கணக்குப் பாடத்துக்கும் அறிவியல் பாடத்துக்கும் நடுவில் நம்முடைய பொருளாதார வரலாறு பென்சிலில் கிடக்கிறது.

1

சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களில் ஒன்று ‘வெட்டி’. கூலி கொடுக்காமல் வாங்கிக்கொள்ளும் உழைப்பு என்று ஆய்வாளர்கள் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். இன்றைக்கும் ‘வெட்டி வேலை’ என்கிறோம். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கில், வரி நீக்கிய நிலங்களாக ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் அளந்து எழுதப்பட்டிருக்கின்றன. சேரியின் அளவை எழுதினார்கள். சேரியில் இருந்தவர் என்ன வேலை செய்தார், என்ன வாங்கினார் என்பதை அங்கே எழுதவில்லை.

காவிரி பாயும் தஞ்சையில் பண்ணையாள் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்தது. பண்ணையாளுக்கு இன்னதுதான் வேலை என்று வரையறை கிடையாது. உழவு, நடவு, அறுப்பு போக மிராசு வீட்டு அடுப்புக்கு விறகு பிளப்பதும் அவன் பாடுதான். என் அம்மாச்சி சொல்லும்: “மிராசு வூட்டுல கல்யாணம்னா மூணு நாளைக்கு முன்னாடியே வெறகு பொளக்கப் போயிடணும். கூலியெல்லாம் கெடையாது. பொளக்கயில தெறிக்குது பாரு சிராயி, அதப் பொறுக்கிக்கலாம். அதான் கூலி. மடியில கட்டியாந்து நாங்க ஒல வைப்போம்.”

மரம் மிராசுக்கு, சிராய் பண்ணையாளுக்கு. இந்தப் பங்கீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய சங்கம் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக நின்றது. 1952இல் தஞ்சைக்கென்று சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலிப் பிரச்சினை முற்றி 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1971 குடியிருப்புச் சட்டம், குடிசை நின்ற மனையைக் குடியிருந்தவருக்கே உரிமையாக்கியது. சட்டம் வந்த கதையைப் புத்தகத்தில் படிக்கலாம். சட்டம் எங்கள் தெருவுக்கு வந்த கதை அம்மாச்சியிடம் இருக்கிறது: “மனைய நம்ம பேருக்கு எழுதப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஆள் உட்டு வாசல்ல நின்ன ரெண்டு தென்னையயும் சாச்சுப்புட்டாங்க. வெச்சது எங்க மாமனாரு. தண்ணி ஊத்துனது நானு. வெட்ட வந்தவனும் நம்ம ஆளுதான். அழுதுகிட்டே வெட்டுனான்.”

நம்ம வாசலில் நம்ம ஆள் வைத்த மரத்தை நம்ம ஆளை வைத்தே வெட்டியது ஆதிக்கம். கோடாரி யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் வரலாறு பிடிபடாது. கோடாரிக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

2

பாவத்துக்கு வருவோம். மனுதர்மத்தின் பதினோராவது அத்தியாயம் பாவங்களுக்கும் பரிகாரங்களுக்கும் பட்டியல் போடுகிறது. பழமரங்களை வெட்டியவன் நூறு ரிக் மந்திரங்களை ஜபிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. வேதத்தை ஓதவும் கேட்கவும் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவன் இந்தப் பரிகாரத்தை எப்படிச் செய்வான்? அவன் வெட்டலாம். கழுவிக்கொள்ள முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பாவத்தைச் சேர்த்துவைக்க ஒரு பாத்திரம் வேண்டும், அதற்குச் சேரி.

எங்க பக்கத்தில் இது இப்போதும் நடப்புதான். பெரிய புளி, அரசு, ஆல் என்றால் சொந்தக்காரர் முதல் வெட்டைப் போட மாட்டார். அதில் முனி இருக்கும், காத்து கருப்பு இருக்கும். மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். மாமா கற்பூரம் கொளுத்தி, குடியிருப்பது யாராக இருந்தாலும் வேறு மரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு முதல் வெட்டைப் போடுவார். “உங்களுக்குப் பயமா இல்லையா மாமா?” என்று ஒருமுறை கேட்டேன். “முனி என்ன பண்ணிடும்? முனிக்குச் சாதி தெரியாது. மரத்துக்குள்ள பொந்து இருந்தாத்தாண்டா பயம்” என்றார். எம்.ஏ.வில் நான் படித்த நாட்டார் வழக்காற்றியல் பாடத்தில் இப்படி ஒரு விளக்கம் இல்லை.

3

இந்தத் தொழிலில் மூன்று வழி உண்டு. ஒன்று, மரம் சொந்தக்காரருக்கே, வெட்டிக் கொடுத்துக் கூலி வாங்குவது. ரெண்டாவது, நிற்கிற மரத்தைக் கண்மதிப்பில் விலைபேசி வாங்கி, வெட்டி மரவாடிக்கோ விறகு தொட்டிக்கோ செங்கல் சூளைக்கோ போடுவது. மூணாவது, கூலி இல்லாமல் வெட்டிவிட்டு விறகை எடுத்துக்கொள்வது. அத்தையின் நோட்டுகளைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். ஊர்த்தெரு வேலைகளில் அதிகம் இந்த மூணாவது வழிதான். அதிலும் அடிமரம் உதவும் என்றால் அதை நிறுத்திக்கொண்டு, “கெளயெல்லாம் நீயே எடுத்துக்கப்பா” என்பார்கள். அம்மாச்சி காலத்துச் சிராய் இன்றைக்குக் கிளையாக வளர்ந்திருக்கிறது. முறை மாறவில்லை.

கண்மதிப்பு என்பது சூதாட்டம். வெளியே தேக்கு மாதிரி நிற்கும் வேம்பு, அறுத்துப் பார்த்தால் உள்ளே உளுத்துக் கிடக்கும். கொடுத்த முன்பணம் திரும்பாது. நல்ல மரமாக அமைந்தாலும் எடைமேடையில் ஒரு வெட்டு விழும். ஈரம், பட்டை, மண் என்று சொல்லி வியாபாரி டன்னுக்கு இத்தனை கிலோ கழித்துக்கொள்வார். எடைச்சீட்டு கேட்டால் அடுத்த லோடுக்கு “இப்ப வேணாம்பா” என்று பதில் வரும்.

வெட்டுவது ஒரு படிப்பு. மரம் எந்தப் பக்கம் கனம் வைத்திருக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது, கரண்டு கம்பி எங்கே போகிறது என்று முதலில் சுற்றிவந்து பார்க்க வேண்டும். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சாரத்தை நிறுத்த எழுதிக் கொடுத்து, நிறுத்தியது உறுதியான பிறகுதான் ஏற வேண்டும். வீட்டை ஒட்டிய மரம் என்றால் ஒரே வெட்டில் சாய்க்க முடியாது. ஏறி, கிளை ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்கி, அடிமரத்தையும் மேலிருந்து துண்டு துண்டாக எடுக்க வேண்டும். வெளியில் நிற்கும் மரத்துக்கு, சாய வேண்டிய பக்கம் ‘வாய்’ போடுவார்கள். அதன் பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வருவார்கள். நடுவில் ரெண்டு விரல் கனத்துக்கு அறுக்காமல் விடுகிற மரம்தான் கதவுக்குக் கீல் மாதிரி நின்று, மரத்தைத் திசை மாறாமல் இறக்கும். அதையும் அறுத்துவிட்டால் மரம் யார் பேச்சையும் கேட்காது. இதை எந்தப் பாலிடெக்னிக்கும் மாமாவுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் அவரைப் ‘படிக்காத பய’ என்று சொல்ல ஊரில் எல்லாருக்கும் உரிமை இருக்கிறது.

கோடாரியும் ரெண்டு ஆள் இழுக்கும் ரம்பமும் போய் மிஷின் வந்தது. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரமானது. கூலியையும் அதே கணக்கில் குறைத்துப் பேசினார்கள். மிஷினுக்குப் பெட்ரோலில் ஆயிலைச் சரியான அளவு கலக்க வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். செயினை வட்ட அரத்தால் அடிக்கடி ராவ வேண்டும். வீட்டோர மரங்களில் எந்தக் காலத்திலோ அடித்த ஆணி, கட்டிய முள்கம்பி எல்லாம் மரத்துக்குள் புதைந்திருக்கும். பல் பட்டால் செயின் காலி. வருஷக்கணக்கில் அந்த அதிர்வைப் பிடித்துப் பிடித்து மாமாவின் விரல்கள் காலையில் உணர்வில்லாமல் மரத்துக் கிடக்கின்றன. ராத்திரியில் காதுக்குள் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறார்.

நோட்டில் 2022ஆம் வருஷத்து ஒரு நாளை அப்படியே தருகிறேன். ஒரு புளியமரம், பேசிய கூலி 6,000. ஆண் ஆள் 3, தலைக்கு 900, ஆக 2,700. பெண் ஆள் 2, தலைக்கு 450, ஆக 900. பெட்ரோல் 410. ஆயில் 200. டீ, சாப்பாடு 380. ஆணி பட்டு அறுந்த செயினுக்குப் பதில் புதுச் செயின் 900. மிச்சம் 510. மிஷின் பிடித்தது மாமா. முதலாளிக்கு அன்றைய வரும்படி தன் ஆளின் கூலியைவிட 390 ரூபாய் குறைவு. ‘தலித் தொழில்முனைவோர்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

நம் பக்கத்து அழுக்கையும் மறைக்கக் கூடாது. ஆணுக்கு 900, பெண்ணுக்கு 450. கிளை இழுப்பது, கட்டுக் கட்டுவது, வண்டி ஏற்றுவது எல்லாம் பெண்கள். முள் கிழிப்பது அவர்கள் கையை. மாமாவிடம் கேட்டேன். “மிஷின அவங்க புடிக்கலியே” என்றார். “மிராசுகிட்டயும் இப்படி ஒரு காரணம் இருந்துச்சு மாமா” என்றேன். அத்தை சிரிக்காமல் நோட்டை மூடிவைத்தார். அடுத்த மாதக் கணக்கில் 450 என்பது 550 ஆகியிருந்தது. சண்டை இன்னும் முடியவில்லை.

ரெண்டாவது மிஷினுக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, “கடை எங்கே இருக்கு?” என்று கேட்டார்கள். கடை எங்கே இருக்கும்? மரம் நிற்கிற இடம்தான் கடை. கடைசியில் மீட்டர் வட்டிக்கு வாங்கினார். வேலைக்குப் போகிற இடத்தில் மகன் வயசுப் பையன் “டேய், இந்தக் கெளய விட்டுட்டியேடா” என்பான். இரட்டைக் குவளை போய்ப் பேப்பர் கப் வந்திருக்கிறது. எங்களுக்கு மட்டும் பேப்பர் கப், அவர்களுக்குள் எவர்சில்வர் டம்ளர். குடித்துவிட்டு நாம் தூக்கிப் போடுவதால் இதில் தீண்டாமை இல்லையாம்.

4

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னையை நம்பியிருந்த பூமி ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. பிள்ளை மாதிரி வளர்த்த தோப்பை இழந்த சின்ன விவசாயி கதறியது பொய் இல்லை. அந்தத் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நான் பேசுவது அதற்குப் பிறகு நடந்த கணக்கை.

விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு அறிவித்த நிவாரணம் 1,100 ரூபாய். இதில் 600 மரத்துக்கு. 500 அதை வெட்டி அப்புறப்படுத்த. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். ஆயிரம் வருஷத்தில் வெட்டுகிறவனின் உழைப்புக்கு அரசாங்கம் தனியாக ஒரு தொகை எழுதியது நான் அறிந்து இதுதான். அந்த 500 யார் கணக்கில் போனது? நிலத்துக்குச் சொந்தக்காரர் கணக்கில். பட்டா உள்ளவருக்கு மரம் கணக்கானது, வெட்டும் கணக்கானது. வெட்டினவனுக்குப் பட்டா இல்லை, ஆகவே அவன் கணக்கில் இல்லை.

அத்தையின் நோட்டில் அந்த மாதங்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. மரத்துக்கு 200, சில இடத்தில் 150. பல இடத்தில் தொகைக்குப் பதில் ‘மரம் எடுத்துக்கச் சொல்லிட்டாங்க’ என்ற ஒரு வரி. எல்லா ஊரிலும் தென்னை கிடந்தபோது அந்தக் கட்டையை யார் வாங்குவார்? சூளைக்காரர் கேட்ட விலைக்குப் போட்டுவிட்டு வண்டி வாடகையைக் கையிலிருந்து கொடுத்திருக்கிறார் மாமா.

அந்த டிசம்பரில்தான் என் சித்தப்பா மகனுக்குக் கால் போனது. மாமாவின் குழுவில் கிளை கழிக்கப் போயிருந்தான். புயலில் சாய்ந்த மரம், நிற்கும் மரத்தைவிட மோசமானது. பெயர்ந்த வேரும் மண்ணும் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும், அடியில் குழி இருக்கும். படுத்திருக்கும் மரத்தின் பாரம்தான் அந்தச் சுவரைப் பிடித்துவைத்திருக்கிறது. அடிமரத்தை அறுத்த நொடியில் பாரம் விட்டுப்போய், வேர்ச்சுவர் தன் குழிக்கே படாரென்று திரும்பும். அது ஒரு பழைய மாமரம். இவன் குழியோரம் நின்று அருவாளை எடுத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தோப்புக்காரர், “நான் கான்ட்ராக்ட் விட்டேன், எனக்குச் சம்பந்தமில்லை” என்றார். மரத்துக்கு முன்பணம் கொடுத்து மாமாவை அனுப்பிய வியாபாரி, “உன் ஆள், நீ பாரு” என்றார். மாமா மிஷின் ஒன்றை விற்று வைத்தியச் செலவுக்குக் கொடுத்தார். நடந்தது இவ்வளவுதான். நடந்திருக்க வேண்டியது வேறு.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2018இல் நடப்பில் இருந்தது. யார் யாரெல்லாம் தொழிலாளர் என்று சொல்லும் அதன் இரண்டாம் அட்டவணையில் பனையேறுவோரும் மரம் வெட்டுவோரும் வெளிப்படையாகவே இருந்தார்கள். அதன் 12ஆம் பிரிவு, தன் தொழிலின் பகுதியான வேலையை ஒருவர் கான்ட்ராக்ட் விட்டாலும், அந்த வேலையில் அடிபட்டவருக்கு அவரே பொறுப்பு என்று சொன்னது. மரம் வாங்கி விற்பதுதானே வியாபாரியின் தொழில்? அவரைக் கேட்டிருக்கலாம். கேட்க ஒரு சீட்டு வேண்டும். முன்பணம் கொடுத்ததற்குச் சீட்டு இல்லை, எடைக்குச் சீட்டு இல்லை, அன்று வேலைக்கு வந்ததற்குச் சீட்டு இல்லை. நாங்கள் கலந்துபேசிய வக்கீல், அத்தையின் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல வியாபாரி கையெழுத்து ஒண்ணாவது இருந்தா போதும்மா” என்றார். ஒன்றுகூட இல்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிறகு 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தனக்குள் சேர்த்துக்கொண்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். சீட்டு இல்லாதவன் நிலைமை மாறாது.

5

வெட்டுகிறவனின் பெயர் அரசாங்க ஏட்டில் வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. குற்றவாளியாக வரும். 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஒரு மலையடிவாரப் பழங்குடி ஊருக்குள் இறங்கின. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதி வர முப்பத்தொரு வருஷம் ஆனது. 2015 ஏப்ரல் 7, ஆந்திராவின் சேஷாசலம் காடு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்துப் பழங்குடியினரும் மற்ற ஏழைகளும் அவர்கள். கட்டையைக் கடல் தாண்டி விற்று மாளிகை கட்டிய ஒருவனும் அந்த இருபதில் இல்லை.

இரண்டும் காட்டுக் கதை, மாமா செய்வது பட்டா நிலத்து வேலை. ஆனால் பார்வை ஒன்றுதான். மரம் வெட்டும் இடத்தில் நல்ல மனசுள்ள இளைஞர்கள் செல்போனோடு வந்து, “ஏன் மரத்த வெட்டுறீங்க?” என்று மாமாவைக் கேட்கிறார்கள். வெட்டச் சொன்னவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், அவரைக் கேட்பதில்லை. சாலையை அகலப்படுத்த நூறு வருஷப் புளியமரங்களை வரிசையாகச் சாய்த்த பெரிய கான்ட்ராக்ட்காரரையும் கேட்டதாகத் தெரியவில்லை. பசுமை பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மரத்தின் மேல் அன்பு வையுங்கள், நாங்களும் வைத்திருக்கிறோம். வாசல் தென்னை சாய்ந்ததை அம்மாச்சி ஐம்பது வருஷம் கழித்தும் சொல்லி அழுகிறது. ஆனால் பாவத்தைக் கோடாரி பிடித்தவன் தலையில் கட்டுவது பழைய மனுவின் புதிய பச்சைச் சட்டை.

6

செய்ய வேண்டியதை வெளிப்படையாகச் சொல்லி முடிக்கிறேன். மரம் வெட்டுவோர் தனித் தொழிலாளர் பிரிவாக நலவாரியத்தில் பதிவாக வேண்டும். அதில் கிளை இழுக்கும் பெண்கள் பெயரும் இருக்க வேண்டும், கூலி சமமாக இருக்க வேண்டும். எடைச்சீட்டு இல்லாமல் ஒரு கட்டைகூட எடைமேடையை விட்டு இறங்கக் கூடாது. அதற்கு ஒரு மாமா தனியாக நின்றால் ஆகாது, ஒன்றியத்தில் இருக்கும் எல்லாக் குழுக்களும் ஒன்றாக நிற்க வேண்டும். புயல் நிவாரணத்தில் வெட்டுக்கூலி என்று ஒரு தொகை எழுதினால், அது வெட்டினவர் கணக்கில் ஏற வேண்டும். இது சலுகை கேட்பதல்ல. அரசாங்கமே விலை போட்ட உழைப்புக்கு உரியவர் கையில் காசு கேட்பது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு அரசாணை வேண்டாம். எழுதுங்கள். எந்தத் தேதி, யார் தோப்பு, எத்தனை மரம், யார் யார் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு பேசினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள். வாங்கும்போது கையெழுத்துக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் மறுத்தார் என்று எழுதுங்கள். இதைப் படிக்கும் மாணவர்கள் லீவில் ஊருக்குப் போகும்போது அம்மாவிடமும் அத்தையிடமும் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். அத்தை இப்போது புது நோட்டு வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியில் ஒரு கட்டம் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார். கஜா கடைசிப் புயல் அல்ல. அடுத்தது வருவதற்கு முன் ஒவ்வொரு சேரியிலும் அப்படி ஒரு நோட்டு இருக்க வேண்டும்.